பிரித்துவிட்ட தையல்

வாயில் குண்டூசி வைத்திருக்கும்போது யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அம்மா கவனமாக இருந்திருந்தால் நானும் இந்த வாரம் நிம்மதியாக வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் பார்த்தோமே. சின்னவள் கடைக்குள் புயலாக வந்தாள். "அம்மா, பின்னாடி அலமாரியில உறை போட்டுத் தொங்குதே ஒரு பழைய கல்யாண கவுன், அதை நான் எடுத்துக்கவா?" என்று கேட்டாள். ஒரு மணப்பெண்ணின் காலடியில் உட்கார்ந்து கவுனின் கீழ்மடிப்பைக் குத்திக்கொண்டிருந்த அம்மா, உதடு நிறையக் குண்டூசிகளோடு "ம்ஹூம்" என்றாள். ஊசிகளுக்கு நடுவே நசுங்கி வந்த அந்த "ம்ஹூம்", சின்னவளுக்கு "ம்" என்று கேட்டது. எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா நிமிர்ந்தபோது மகளைக் காணோம். வேண்டாமென்றதும் பேசாமல் போய்விட்டாளே, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவள் பூரித்தும் போனாள்.

அதைப் படித்துச் சிரித்தவர்கள் சிரிப்பைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள்.

இந்த வாரம்தான் புதிதாக வருகிறீர்களா? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்தில் அம்மாவும் இரண்டு மகள்களுமாக மூன்று பெண்கள். அப்பா காலமான பிறகு தையல் மிஷின்தான் குடும்பத் தலைவர். அம்மா கல்யாண உடுப்பு தைக்கிறவள். பெரியவளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷமாகிறது. சின்னவள் உடை வடிவமைப்புக் கல்லூரியில் கடைசி வருஷம். அவளுடைய இறுதிக் கண்காட்சி இன்றைக்குத்தான். தலைப்பு, கல்யாணம்.

"கான்செப்ட் டிரெஸ்மா. யாரும் போட்டுக்கிறதுக்கு இல்ல, பாத்து யோசிக்கிறதுக்கு" என்று அவள் விளக்கியபோது அம்மா கேட்டாள், "போட்டுக்க முடியாததைத் தைக்க எதுக்குடி காலேஜு? நம்ம கடையில வேலைக்குச் சேர்ந்த புதுசுல எல்லாரும் அதைத்தானே தைக்கிறாங்க?"

காலையில் பெரியவள் கடைக்கு வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே மை பூசியது போல் கருப்பு.

"அம்மா, கவுனைக் குடு. இஸ்திரி போட்டாச்சில்ல?"

"நேத்தே போட்டிருக்கணும். வேலை ஒழியல. இரு, இப்ப ஒரு நிமிஷத்துல தேய்ச்சுத் தரேன்" என்றபடி அம்மா பின்பக்க அலமாரியைத் திறந்தாள்.

அலமாரியில் ஹேங்கர் மட்டும் தொங்கியது.

அம்மா பக்கத்து உறைகளைத் தள்ளிப் பார்த்தாள். அடியில் குனிந்து பார்த்தாள். அப்புறம் அப்படியே நின்றாள். சின்னவளின் குரலும் தன்னுடைய "ம்ஹூம்"மும் அவளுக்கு இப்போதுதான் சேர்ந்து கேட்டன.

"பாவி" என்றாள். யாரை என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னம்மா?"

"சின்னவ எடுத்துட்டுப் போயிட்டாடி. அந்தக் கண்காட்சிக்கு."

பெரியவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. "அம்மா, நாளைக்குத் தேதி" என்று மட்டும் சொன்னாள்.

தேதி என்றால் என்ன? இத்தனை அத்தியாயங்களாக உங்களிடமும் நான் மறைத்து வைத்திருந்த விஷயம் அது. திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

மாப்பிள்ளை தங்கமானவர் என்று ஊரே சொல்லும். குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். அம்மா போட்டிருக்கும் கண்ணாடிகூட அவர் கடையில் அவரே பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்ததுதான். முதல் கல்யாண நாளன்று அவர் ஆசையாகக் கேட்டார், "அந்தக் கவுனை ஒரு தடவை போட்டுக் காட்டேன்." பெரியவளுக்கு வெட்கம், சந்தோஷம். போட்டுக்கொண்டு திரும்பி நின்றாள். அவர் ஜிப்பை இழுத்தார். அது முதுகில் பாதியில் நின்றுவிட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்ல, சரி பண்ணிடலாம்" என்று சிரித்தார். மறுநாள் ஃபிரிட்ஜில் பூட்டுத் தொங்கியது. ராத்திரிச் சாப்பாடு நின்றது. எல்லாம் அவளுடைய நன்மைக்காக. அன்றிலிருந்து மாதாமாதம் கல்யாணத் தேதி வந்தால் அவள் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு அவருக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். ஜிப் கழுத்துவரை ஏறினால், "அப்படியே இருக்கே. கல்யாணத்தன்னைக்குப் பாத்த மாதிரியே" என்பார். ஏறாவிட்டால் அந்த மாதம் பூட்டுத்தான்.

பெரியவள் அம்மாவிடம் வந்து அழுதாள். அப்போது அம்மா கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறேன்.

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"கை நீட்டறாரா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்னடி? ஒவ்வொரு வீட்டுல என்னென்னமோ நடக்குது. குடு இங்க, பக்கத்துல ரெண்டு நூல் பிரிச்சு விட்டா சரியாப் போயிடும்."

கல்யாண கவுனில் எப்போதும் பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பார்கள். அம்மா பழைய தையலைப் பிரித்து, கொஞ்சம் வெளியே தள்ளிப் புதுத் தையல் போட்டாள். ஜிப் ஏறியது. மாப்பிள்ளை மகிழ்ந்தார், பூட்டுத் திறந்தது. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிப் பெரியவள் கொண்டு வருவாள், அம்மா பிரித்து விடுவாள். பெண்ணுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு.

இந்த இடத்தில் அம்மா மேல் எனக்குக் கோபம்தான். அவளுக்குப் பரிந்து நாலு பேராவது கடிதம் எழுதுவீர்கள். எழுதுங்கள், படிக்கிறேன். கோபம் மாறாது.

போன மாதம் அம்மா கையை விரித்துவிட்டாள். "உள்ள விட்ட துணி தீந்து போச்சுடி. இனிமே நீதான் பாத்துக்கணும்." பெரியவளும் பார்த்துக்கொண்டாள். இந்த வாரம் முழுக்கத் தண்ணீரைக் குடித்துப் பொழுதை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அவளுக்கு போன் போடும்மா!"

அம்மா போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கண்காட்சி அறைக்குள் மாணவர்கள் யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாதாம்.

"எத்தனை மணிக்குடி ஆரம்பம்?"

"ஆரம்பிச்சிருக்கும்" என்ற பெரியவள் சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, அவரும் அங்கதான் போயிருக்காரு. மச்சினி புரோகிராம்னு காலையிலயே புதுச் சட்டை போட்டுட்டுக் கிளம்பினாரு. முதல் வரிசையில உக்காந்திருப்பாரும்மா."

அம்மா கடையைப் பூட்டக்கூட இல்லை. இருவரும் தெருவுக்கு ஓடி, வந்த டாக்சியை மறித்து ஏறினார்கள்.

கல்லூரி அரங்கில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு மாணவி மீன்வலையில் கவுன் செய்திருந்தாள். இன்னொருத்தி உடைந்த பீங்கானைக் கோத்திருந்தாள், நடந்தால் கலகலவென்று சத்தம் வந்தது. எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு சின்னவளின் முறை.

அம்மாவும் பெரியவளும் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது சின்னவள் மேடையில் மைக்கோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை. அதன்மேல் அந்தக் கவுன், உள்பக்கம் வெளியே தெரியும்படித் திருப்பிப் போடப்பட்டிருந்தது. லைனிங்கை முழுக்க அறுத்து எடுத்திருந்தாள். பின்னாலிருந்து விளக்கு அடித்தது. இரண்டு பக்கத் தையல்களின் ஓரத்திலும் பிரித்த பழைய தையல்களின் ஊசித் தடங்கள் வரிசை வரிசையாக மின்னின.

அம்மா பெரியவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மேடைக்கு ஓடுவதா, விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்துவதா? ஒன்றுமே தோன்றாமல் இருவரும் கதவோரமாக நின்றார்கள்.

சொந்த அக்காவின் கவுனைச் சின்னவளுக்கு அடையாளம் தெரியாதா என்று கேட்பீர்கள். பெரியவள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு ஊரில் பாதிப் பெண்கள் அதே மாதிரி கேட்டு வாங்கிவிட்டார்கள். கடையில் அதற்கு "அக்கா மாடல்" என்றே பெயர். சரி பண்ணக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராமல் போன அக்கா மாடல்களில் இது ஒன்று என்று அவள் நினைத்துவிட்டாள்.

"கல்யாண டிரெஸ்னா எல்லாரும் வெளிப்பக்கத்தைத்தான் பாப்பாங்க" என்று அவள் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் உற்சாகம் துள்ளியது. "நான் உள்பக்கத்தைக் காட்டறேன். இந்தக் கவுன் யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்தத் தடங்களைப் பாருங்க. அவங்க உடம்பு மாற மாற, யாரோ பொறுமையா உக்காந்து இதைப் பிரிச்சு விட்டிருக்காங்க. அவங்களை இளைக்கச் சொல்லல. கவுனைத்தான் மாத்தியிருக்காங்க. கல்யாணம்னா அப்படித்தான் இருக்கணும். அதனால இதுக்கு நான் வெச்ச பேரு, 'இடம் விடு'."

அரங்கம் கைதட்டியது. முதல் வரிசையில் மாப்பிள்ளை எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

கைதட்டல் ஓய்ந்ததும் நடுவர்களில் ஒருவர், நரைத்த முடியைக் கிராப்பாக வெட்டியிருந்த அம்மாள், கையைத் தூக்கினார். "ரொம்ப அழகா சொன்னேம்மா. ஒரு சந்தேகம். கல்யாண கவுனை ஒரு நாள் போடுவாங்க, அப்புறம் பெட்டியில வெப்பாங்க. இந்தப் பொண்ணு கல்யாணம் முடிஞ்சும் அதை எதுக்குத் திரும்பத் திரும்பப் போட்டாங்க? இத்தனை தடவை பிரிக்க வேண்டிய அவசியம் என்ன?"

இத்தனை நாள் அந்தக் கவுனோடு உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு இந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அவள் திரும்பிக் கவுனைப் பார்த்தாள். முதன்முறையாக அந்தத் தடங்கள் அவளைப் பயமுறுத்தின.

"நான் கிட்ட வந்து பாக்கலாமா?" என்று ஒரு குரல் கேட்டது.

மாப்பிள்ளைதான். மைத்துனி திணறுகிறாளே, உதவலாம் என்று எழுந்தவர்போல் சிரித்துக்கொண்டே மேடையேறினார். கவுனைச் சுற்றி வந்தார். பக்கத் தையலில் விரலை வைத்து ஒவ்வொரு தடமாக மேலிருந்து கீழே தடவினார். பிறகு முதுகுப் பக்கம் போய், ஜிப்பின் ஓரத்தை வெளிப்பக்கம் தெரியப் புரட்டினார். ஜிப்பின் பிடி என்றோ உடைந்து, அந்த இடத்தில் ஒரு சின்ன எஃகு வளையம் மாட்டியிருந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது மூக்குக்கண்ணாடிச் சங்கிலில வர்ற வளையம்" என்றார் சின்னவளிடம், மெதுவாக. "என் கடையோடது. நான்தான் மாட்டினேன்."

"என்ன மாமா சொல்றீங்க?"

அரங்கத்தில் தேடிய அவர் கண்கள், கதவோரத்தில் நின்றவளைக் கண்டுகொண்டன. மேடையிலிருந்து இறங்கி நேராகப் பெரியவளிடம் நடந்தார். முகத்தில் அப்போதும் அந்தச் சிரிப்பு இருந்தது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"எத்தனை மாசமா?" என்றார்.

பெரியவள் தலை குனிந்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். எத்தனை மாசமா என்னை ஏமாத்திட்டு இருக்கே?"

சின்னவள் மைக்கைக் கையில் தொங்கவிட்டபடியே கீழே ஓடிவந்தாள். "அக்கா, இது உன் கவுனா? இவர் எதுக்கு உன்கிட்டக் கணக்குக் கேக்கறாரு? அம்மா, யாராவது சொல்லுங்களேன்!"

"மாசாமாசம் போட்டுப் பாப்பாருடி" என்றாள் பெரியவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. "ஜிப் ஏறலைன்னா சாப்பாடு கிடையாது."

சின்னவளுக்குத் தலையில் இடி விழுந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நூறு பேருக்கு நடுவில், கல்யாணம் என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று இந்தக் கவுனைக் காட்டியல்லவா அவள் மார்தட்டினாள்? அக்காவின் ஒட்டிய கன்னத்தை அவள் இன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மாப்பிள்ளை அம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்க கைத்தையல்தானே அத்தை? உங்க பொண்ணு உடம்பு கெடக் கூடாதுன்னு நான் இவ்வளவு பாடுபடறேன். நீங்க எனக்குத் தெரியாம பிரிச்சு விட்டுட்டு இருந்திருக்கீங்க."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அவர் செய்து கொடுத்த கண்ணாடி. கழற்றியதும் அவர் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. மங்கலாகத் தெரிந்ததே அவளுக்குப் பேச வசதியாக இருந்தது.

"ஆமாம் மாப்பிள்ளை. பிரிச்சு விட்டேன்" என்றாள். "தப்பான இடத்துல பிரிச்சு விட்டுட்டேன். துணியைப் பிரிச்சேன். உங்க ரெண்டு பேரையும்தான் முதல்ல பிரிச்சு விட்டிருக்கணும்."

பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பெரியவளே திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். குடிக்கிறாரா, கை நீட்டறாரா என்று கேட்ட அதே வாயா இது?

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "எல்லாரும் பாக்கறாங்க. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றார் பெரியவளிடம். "நான் கார்ல இருக்கேன். வந்துடு." வாசலைப் பார்த்து நடந்தார். அவள் வருகிறாளா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வராமல் எங்கே போய்விடுவாள் என்ற நிச்சயம் அந்த நடையிலேயே இருந்தது.

பெரியவளின் கால்கள் தாமாகவே அவர் பின்னால் இரண்டடி வைத்தன.

சின்னவள் குறுக்கே போய் நின்றாள். "போகப் போறியாக்கா?"

"தெரியலடி."

"உனக்கு என்னதான் வேணும்? சொல்லேன். அவரு என்ன நினைப்பாரு, அம்மா என்ன நினைப்பாங்க எல்லாத்தையும் விடு. உனக்கு, இப்ப, என்ன வேணும்?"

பெரியவள் யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டு வெகு காலமாகிவிட்டது.

"பசிக்குது" என்றாள்.

சின்னவள் கையில் இருந்த மைக் இப்போது அக்காவின் வாய்க்கு நேராக இருந்தது; அதை அணைக்கச் சின்னவளுக்கு ஞாபகம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தை அரங்கத்தின் நான்கு மூலைகளிலும் இருந்த ஒலிபெருக்கிகள் வழியாக எல்லார் காதிலும் விழுந்தது. மேடையில் கவுன் தனியாக நின்றுகொண்டிருந்தது. நடுவர் அம்மாள் தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதைப் புரிந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரியவள் மறுபடியும் சொன்னாள். இப்போது மைக் இருப்பது தெரிந்தே சொன்னாள். "ரொம்பப் பசிக்குது."

அம்மா ஓடினாள். நடுவர்கள் மேசையில் வைத்திருந்த கேக் தட்டை யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரியவள் மேடைப் படியிலேயே உட்கார்ந்தாள். தட்டில் இருந்த துண்டை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, வாய் நிறைய வைத்து மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

வெளியே காரின் ஹாரன் ஒலித்தது.

மென்றுகொண்டிருந்த வாய் ஒரு கணம் நின்றது. சின்னவள் அக்காவின் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். ஹாரன் மறுபடி ஒலித்தது, இந்த முறை நீளமாக.

பெரியவள் வாயில் இருந்ததை விழுங்கினாள். காலித் தட்டை நீட்டி அம்மாவிடம் கேட்டாள். "இன்னொரு துண்டு இருக்கா?"

ஹாரன் நின்றது. கார்க் கதவு திறந்து, ஓங்கிச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவர் இறங்கி உள்ளே வருகிறார்; மீதி அடுத்த வாரம்.